கணக்கப்பிள்ளை வீட்டுப் புத்தகங்கள்

என் கணவர் 2019 ஆடி மாதம் மாரடைப்பில் இறந்தார். காரைக்குடியில் எலக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருந்தார். கடைக்குக் கடன் இருந்தது. மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நான் பி.காம். முடித்தவள்தான், ஆனால் அந்தப் படிப்பை வைத்துப் பால் கணக்கு எழுதியதோடு சரி. துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் ஆளுக்கொரு தன்னம்பிக்கைப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஏறக்குறைய எல்லா அட்டையிலும் யாரோ ஒருவர் மலை உச்சியில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

நல்ல மனசோடு கொடுத்ததுதான். ஆனாலும் சொல்கிறேன், சாவு வீட்டுக்கு அந்தப் புத்தகத்தை எடுத்துப் போகாதீர்கள். முதல் சில மாதங்கள் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் அதன் முதல் வரி மறந்துபோகும். அந்த நாட்களில் நான் ஒழுங்காகப் படித்தது அரசாங்கப் படிவங்களை மட்டும்தான், படிக்காவிட்டால் காரியம் நடக்காது என்பதால்.

அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாழ்க்கை மாற்றத்தைப் பற்றிப் பேசும் எந்த நூலிலும் நான் இதைப் பார்க்கவில்லை. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் நகல்கள் நிறைய எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போகிற இடமெல்லாம் கேட்பார்கள். அடுத்தது வாரிசுச் சான்றிதழ், தாசில்தார் கொடுப்பது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கில் நாமினி போட்டிருந்தால் பணம் கைக்கு வருவது சுலபம். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான், மற்ற வாரிசுகளின் பங்கு அதனால் அழிந்துவிடாது. இது தெரியாமல் அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போன வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அப்புறம் ரேஷன் கார்டு, மின் இணைப்புப் பெயர் மாற்றம், கடையின் ஜி.எஸ்.டி. பதிவு ரத்து. எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, மேலே ஒரு தாளில் எதற்கு எந்தத் தேதியில் மனு கொடுத்தேன் என்று எழுதி வைத்தேன். துக்கத்தில் இருப்பவருக்கு உதவ நினைத்தால் அந்த ஃபைலைத் தயார் செய்து கொடுங்கள். கூடவே ஒருநாள் அலுவலகத்துக்கும் துணைக்குப் போங்கள்.

புத்தகத்துக்கு வருகிறேன்.

என் மாமனார் பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அந்த வீட்டைப் பங்காளிகள் பிரித்தபோது, தேக்குக் கதவும் நிலையும் கண்ணாடி அலமாரியும் பீங்கான் ஜாடியும் லாரியில் ஏறிக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. புத்தகத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. பழைய பேப்பர்க்காரனுக்குப் போடப் போனதை மாமா சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் அப்படிச் சேர்த்துச் சேர்த்துத்தான் ஒரு பெரிய நூலகமே ஆனது. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, இப்போது சென்னையில் அவர் பெயரில் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சாக்கை வாங்க எந்தப் பல்கலைக்கழகமும் வரவில்லை. மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. அந்தச் சாக்கைத்தான் நான் பிரித்தேன், அதுவும் எலி நுழைந்துவிட்டது என்பதற்காக.

உள்ளே பாதிக்கு மேல் சுயமுன்னேற்ற நூல்கள். இந்தச் சரக்கே அமெரிக்காவிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால், தமிழில் இதைச் சின்னச் சின்ன நூல்களாக வீடு வீடாகக் கொண்டு சேர்த்த தமிழ்வாணன் நம் தேவகோட்டைக்காரர், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் ‘கல்கண்டு’ நடத்தியவர். முன்னேறும் வழிகளைப் பற்றி எழுதிக் குவித்த அப்துற் றஹீம் தொண்டியில் பிறந்தவர். தேவகோட்டையிலிருந்து கிழக்கே கடலைப் பார்க்கப் போனால் தொண்டிதான். வானம் பார்த்த பூமியில் பிறந்து, பிழைக்கக் கடல் தாண்டிப் போகிறவர்களின் சீமை இது. ‘எப்படிப் பிழைப்பது’ என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் பதில் எழுதியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அந்தச் சாக்கிலேயே வ.உ.சி.யும் இருந்தார். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903இல் எழுதிய சின்ன நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று அவர் தமிழாக்கியிருக்கிறார். 1908இல் சிறைக்குப் போனவர் 1912 கடைசியில்தான் வெளியே வந்தார். மொழிபெயர்ப்பு அந்தச் சிறைக்காலத்து வேலை. எண்ணம் எப்படியோ வாழ்வு அப்படி என்பது நூலின் சாரம். படித்துவிட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. என் கணவர் எதை நினைத்து நெஞ்சு வலியை வரவழைத்துக்கொண்டார்? மொழிபெயர்த்தவர் வாழ்க்கையையே பாருங்கள். வ.உ.சி.யைவிட உறுதியான மனம் யாருக்கு இருந்திருக்கும்? வெளியே வந்தபோது வக்கீல் சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமம், பறிபோயிருந்தது, கப்பல் கம்பெனி போயிருந்தது, பிழைப்புக்குக் கடை வைத்துப் பார்த்தார். மனம் நன்றாகத்தான் இருந்தது, வாழ்வு அதைப்போல இல்லை.

ஆனால் அந்த நூலைத் தூக்கிப் போடவும் முடியவில்லை. சிறையில் இருக்கிற ஒருவர் எதற்கு இதை உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும்? வெளியே எதையும் மாற்ற முடியாத இடத்தில், தன் கைக்கு எட்டியது என்ன என்று பார்த்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எந்த நூலைக் கையில் எடுத்தாலும், எழுதியவர் எந்த நிலைமையில் இருந்து எழுதினார் என்பதை முதலில் தேடிப் பார்க்கிறேன். அட்டைக்குப் பின்னால் ஆசிரியர் குறிப்பில் ‘லட்சக்கணக்கானோர் வாழ்வை மாற்றியவர்’ என்பதைத் தவிர ஒன்றும் இல்லையென்றால் கீழே வைத்துவிடுவேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தால் வெற்றி என்று எழுதுகிறவரைப் பார்த்தால், அவருக்கு அந்த நேரத்தில் காபி போட்டுக் கொடுப்பது யார் என்று கேட்கத் தோன்றும். எங்கள் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நாலரைக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கோடீஸ்வரி ஆனவள் யாரையும் எனக்குத் தெரியவில்லை.

மாமா அப்போது உயிரோடு இருந்தார். மகனைப் பறிகொடுத்த மனிதர், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் புத்தகமும் கையுமாக இருப்பதைப் பார்த்து ஒருநாள், “படிக்கிறது இருக்கட்டும், ஐந்தொகை எடுத்தியாம்மா?” என்றார். கடைக் கணக்கைக் கேட்கிறார் என்று நினைத்து, பாக்கி எவ்வளவு என்று சொல்ல ஆரம்பித்தேன். “கடைக்கு இல்லம்மா, உனக்கு” என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, போன நகரத்தார் கடைகளில் ஏஜென்டுகள் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கில் போவார்கள். தவணை முடிந்ததும் இருப்பு என்ன, வரவேண்டியது என்ன, கொடுக்கவேண்டியது என்ன என்று ஐந்தொகை எடுத்து, அடுத்து வருகிறவரிடம் பெட்டியை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். போன இடத்தில் ஆயுசுக்கும் இருக்கப் போகிறோம் என்று நினைத்து யாரும் கப்பல் ஏறவில்லை. மூன்று வருஷம், அதற்கு ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

மாமா சொன்னதைக் கேட்டு ஒரு ரூல்டு நோட்டில் எழுதினேன். இருப்பு: பி.காம்., நல்ல கையெழுத்து, வீட்டில் எங்களுக்கு உள்ள பங்கு, சர்க்கரை ரத்தக்கொதிப்பு எதுவும் இல்லாத உடம்பு, எலக்ட்ரிக்கல் சாமான் விலையும் மொத்த வியாபாரிகள் முகவரியும் தெரிந்தது. கொடுக்கவேண்டியது: கடைக் கடன், மகளின் இன்னும் கட்டாத பீஸ், மாமாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்வது. வரவேண்டியது: கடையில் கடனுக்குச் சாமான் எடுத்த கான்ட்ராக்டர்கள் பாக்கி. எழுதி முடித்ததும் மனம் லேசானது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் ‘என் வாழ்க்கையின் நோக்கம் என்ன’ என்று உட்கார்ந்து யோசித்தபோது வராத பதில், ‘அடுத்த மூன்று வருஷத்துக்கு என்ன’ என்று கேட்டபோது மளமளவென்று வந்தது. கடனை அடைப்பது, அவளைப் படிக்க வைப்பது, நானே சம்பாதிப்பது. நோக்கம் என்ற பெரிய சொல்லைக் கண்டு மலைத்து நிற்பவர்களுக்கு இதைச் சொல்லிப் பார்க்கலாம். ஆயுசுக்கும் சேர்த்துக் கேட்காதீர்கள், ஒரு தவணைக்குக் கேளுங்கள்.

விக்டர் பிராங்கலை நான் படித்தது இதற்குப் பிறகு, கிளை நூலகத்தில் எடுத்து. வியன்னா நகரத்து மனநல மருத்துவர். யூதர் என்பதால் 1942இல் நாஜிகள் குடும்பத்தோடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1945இல் அவர் உயிரோடு வெளியே வந்தார், மனைவியும் பெற்றோரும் வரவில்லை. 1946இல் அந்த நூல் வெளியானது. அதில் ஒரு சம்பவம். மனைவி இறந்து இரண்டு வருடமாகியும் தேறாத ஒரு வயதான மருத்துவர் பிராங்கலிடம் வருகிறார். நீங்கள் முதலில் போய், அவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிராங்கல் கேட்கிறார். அவள் துடித்துப்போயிருப்பாள் என்கிறார் வந்தவர். அப்படியானால் அந்தத் துயரத்தை அவருக்கு வராமல் நீங்கள் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்கிறார் பிராங்கல். வந்தவர் கைகுலுக்கிவிட்டு அமைதியாகப் போய்விடுகிறார்.

அந்தக் கேள்வியை நானும் என்னிடம் கேட்டுப் பார்த்தேன். நான் முதலில் போயிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? சோம்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. மகளின் பீஸ் தேதி தெரியாது. தனியாக உட்கார்ந்து சாப்பிட மாட்டார், யாராவது எதிரில் இருந்து பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவரால் முடிந்திருக்காது. அந்த மருத்துவரைப்போல எனக்கு நிம்மதி வந்ததா என்றால் இல்லை, எனக்கு இன்னும் கொஞ்சம் அழுகைதான் வந்தது. ஆனால் ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற கேள்வி அன்றைக்கு நின்றது.

அதே நூலில் எனக்கு அதிகம் உதவியது வேறொரு இடம். அர்த்தம் மூன்று வழியாக வரும் என்கிறார்: ஒரு வேலையைச் செய்வதில், ஒருவரையோ ஒன்றையோ நேசிப்பதில், தவிர்க்கவே முடியாத துன்பத்தை நாம் எதிர்கொள்ளும் விதத்தில். மூன்றாவதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அவர் தெளிவாகவே சொல்கிறார், தவிர்க்க முடிந்த துன்பத்தின் காரணத்தை நீக்குவதுதான் முறை, தேவையில்லாமல் தாங்கிக்கொண்டிருப்பதில் வீரம் இல்லை என்று. என் கணவர் சாவு தவிர்க்க முடியாதது. கடைக் கடன் அப்படி இல்லை. அவர் நினைவாகக் கடையை நடத்த வேண்டும் என்று உறவினர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. சரக்கைக் கொடுத்தவர்களுக்கே திருப்பி, மிச்சத்தை விற்று, கடையைக் காலி செய்தேன். பேசினவர்கள் பேசிவிட்டு ஓய்ந்தார்கள்.

வேலை கிடைத்தது கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீட்டால். மாமாவுக்குத் தெரிந்தவர்கள். தரையில் சில இடங்களில் ஆத்தங்குடிக் கல்லை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பில்லில் கணக்கு இடிக்கிறது, வந்து பார் என்று ஆச்சி கூப்பிட்டு அனுப்பினார். பார்த்தேன், உடைந்த கல்லுக்கும் சேர்த்து விலை போட்டிருந்தது. ஏமாற்று இல்லை, பட்டறையில் கணக்கு எழுத ஒழுங்கான ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பட்டறைக்காரர் என்னையே எழுதக் கூப்பிட்டார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகிற கல் இல்லை. ஒரு கண்ணாடித் தட்டு, அதைச் சுற்றி இரும்புச் சட்டம், உள்ளே பூப்போட்ட தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் அந்தந்த நிறச் சாந்தை ஊற்றுவார்கள். பிறகு அச்சை நேராக மேலே தூக்கி எடுக்க வேண்டும், கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். மேலே உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, அதன் மேல் கலவையைப் போட்டு மட்டம் தட்டுவார்கள். மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, சில நாள் கழித்து எடுத்துக் காயவைத்தால், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் தானாகவே பளபளக்கும். முதல் வாரம் முழுக்க நான் கணக்கை விட்டுவிட்டு இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிராங்கலின் இரண்டாவது வழி இதுவாக இருக்கலாம். எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

படிக்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம். நான் ஒரு நேரத்தில் ஒரு நூல்தான் வைத்துக்கொள்வேன். பிடித்த பத்தியைக் கோடு போடுவதில்லை, நோட்டில் கையால் எழுதுகிறேன். கோடு போட்டால் படித்துவிட்டோம் என்ற திருப்தி வந்துவிடுகிறது. எழுதும்போது கை வலிக்கும், அந்த வலிக்கு ஈடான பத்திதானா என்று தெரிந்துபோகும். ஓர் அத்தியாயம் முடிந்ததும், வருகிற வெள்ளிக்கிழமைக்குள் செய்ய இதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். ஒன்றும் இல்லாமலே தொடர்ந்து போனால் அந்த நூலைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டது அப்படி ஓர் அத்தியாயத்தால்தான். நூலின் பெயர்கூட நினைவில் இல்லை, பயப்படுகிற ஒன்றைச் சின்னத் துண்டாக உடை என்று இருந்தது. முதலில் எங்கள் சந்துக்குள், பிறகு செக்காலை ரோடு வரை, பிறகு ஆத்தங்குடி.

எதுவுமே பிடிக்காத நாளில் குறள். அதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. ‘இடுக்கண் அழியாமை’ அதிகாரத்தின் முதல் குறள் துன்பம் வரும்போது சிரி என்கிறது. வள்ளுவரே ஆனாலும் அந்த வருஷம் என்னால் அதை ஏற்க முடியவில்லை. அதே அதிகாரத்தில் ‘மடுத்தவா யெல்லாம் பகடன்னான்’ என்று ஒன்று இருக்கிறது. வண்டி சிக்கிய இடத்தில் எல்லாம் மூச்சுப் பிடித்து இழுக்கும் எருதைப் போன்றவனுக்கு வந்த துன்பம், துன்பப்பட்டுப் போகும். அந்த மாடு சிரிக்கவில்லை, இழுக்கிறது. அது போதும் எனக்கு.

பக்கத்து வீட்டு அக்காவும் நானும் இப்போது சேர்ந்து படிக்கிறோம். அவருக்குக் கண் சரியில்லை, நான் வாசிப்பேன், அவர் நடுநடுவே “இது ஆவுறதா?” என்று கேட்பார். பாதி நூல்கள் அந்த ஒரு கேள்வியிலேயே விழுந்துவிடும். வாட்ஸாப்பில் வருகிற தன்னம்பிக்கை வீடியோக்களை இருவரும் பார்ப்பதில்லை. பார்க்கிற நேரம் வேகம் வரும், அரை மணி நேரத்தில் போய்விடும், மறுபடி இன்னொன்று தேடச் சொல்லும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது புத்தகம் தீர்க்கிற விஷயம் இல்லை. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி-மனஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். எங்கள் உறவில் ஒரு பெண்ணை அவள் தம்பி அப்படித்தான் மருத்துவரிடம் கூட்டிப் போனான். மருந்து எடுத்துத் தேறிய பிறகுதான் அவளால் ஒரு பக்கம் படிக்கவே முடிந்தது.

மாமா 2022இல் காலமானார். முதல் தவணைக் கணக்கை அவரிடம் காட்டிவிட்டேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட்டிப் பார்த்தார், ஓர் இடத்தில் கான்ட்ராக்டர் பாக்கியை ‘வராக்கடன்’ பக்கம் மாற்றச் சொன்னார். இரண்டாவது தவணையில் கடன் முடிந்தது, மகள் வேலைக்குப் போனாள். மூன்றாவதில் எழுதியிருப்பது இரண்டே வரி: ஜி.எஸ்.டி. ரிட்டர்னை ஆடிட்டர் ஆபீஸுக்கு அனுப்பாமல் நானே போடப் பழக வேண்டும், மாடிப்படிக்குக் கீழே மிச்சம் கிடக்கும் புத்தகங்களுக்கு அலமாரி செய்ய வேண்டும். அலமாரிக்கு ஆசாரியிடம் விலை கேட்டிருக்கிறேன். தேக்கு கேட்டால் தலை சுற்றுகிறது, வேம்பில் செய்யச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.